சிஸ்டரைக் கேளுங்கள்: லேபர் வார்டு ஸ்பெஷல்

வட சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர் இந்தப் பகுதியில் பதில் சொல்கிறார். இந்த இதழில் பிரசவ அறை பற்றிய கேள்விகள் மட்டும்.

கே: எனக்கு ஒன்பதாவது மாதம், தலைப்பிரசவம். கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். என் அக்காவுக்கு வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, “இன்னும் வலியே ஆரம்பிக்கல, போயிட்டு வாம்மா” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சீக்கிரம் போனால் திட்டு, லேட்டாகப் போனால் ரயில்வே கேட் மூடிவிடுமோ என்று பயம். எப்போது கிளம்புவது?
(வாசகி, கொருக்குப்பேட்டை)

ப: உங்கள் அக்காவை அலட்சியமாகவும் அனுப்பியிருக்கலாம், சரியாகப் பார்த்தும் அனுப்பியிருக்கலாம். கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் எதைப் பார்த்து முடிவு செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன்.

பொய் வலி அடிவயிற்றில் இழுக்கும். கொஞ்ச நேரம் நடந்தாலோ, சாப்பிட்டுவிட்டு ஒருக்களித்துப் படுத்தாலோ அடங்கிவிடும். நிஜ வலி பெரும்பாலும் இடுப்பின் பின்பக்கம் பிடித்து முன்னால் சுற்றி வரும். படுத்தாலும் நிற்காது, நடந்தாலும் நிற்காது. நேரம் ஆக ஆக இடைவெளி குறையும், ஒவ்வொரு வலியும் நீளும். வீட்டில் யாரையாவது கடிகாரம் பார்த்து எழுதச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது. ஒரு மணி நேரக் கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தால், “சிஸ்டர், ரொம்ப வலிக்குது” என்பதைவிட அது எங்களுக்கு எவ்வளவோ உபயோகம்.

கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகுதான் வலி வேகம் எடுக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லிவிட்டது. அதற்கு முன்னால் இருக்கும் மந்தமான கட்டம் தலைப்பிரசவத்தில் ஒரு நாளுக்கு மேலும் இழுக்கலாம். அந்த நேரம் முழுக்க ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கிடந்தால் உடம்பும் சோர்ந்துபோகும், “இன்னும் ஆகலையா” என்று வலியைக் கூட்டும் ஊசி போடும் அவசரமும் வந்துவிடும். வீட்டில் குளித்து, சாப்பிட்டு, நடந்துகொண்டிருப்பதே நல்லது. வலி ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று நெருங்கி, ஒரு மணி நேரமாக அப்படியே நின்றால் கிளம்பிவிடுங்கள். உங்களுக்கு நடுவில் கேட் இருப்பதால் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற நிலையிலேயே கிளம்பலாம். யாராவது திட்டினால் திட்டட்டும். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். கன்டெய்னர் லாரி வரிசை யாருக்கும் வழி விடாது.

வலிக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே கிளம்ப வேண்டிய நேரமும் இருக்கிறது. பனிக்குடம் உடைந்து தண்ணீர் போனால், அதுவும் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால். சளியோடு ஒரு சொட்டு ரத்தம் பட்டது என்றில்லாமல், ரத்தமாகவே போனால். குழந்தையின் அசைவு குறைந்துபோனால். தலை விடாமல் வலித்து, கண் மங்கலாகி, மேல்வயிற்றில் எரிச்சல் இருந்தால், முகம் வீங்கினால். இதில் எது வந்தாலும் 108-க்குப் போன் செய்யுங்கள். டூவீலரில் பின்னால் உட்கார்ந்து வராதீர்கள்.

தேதி நெருங்கிவிட்டதா? கேட்டுக்கு அந்தப் பக்கம் ராயபுரத்திலோ வண்ணாரப்பேட்டையிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் போய் இருந்துகொள்ளுங்கள். செக்கப் அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த எண்), ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாம் ஒரே பையில் கதவுக்குப் பக்கத்தில் தொங்கட்டும். குழந்தைக்குப் புதுத் துணி வேண்டாம், துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துணி போதும்.

கே: எனக்கு நாலு பிள்ளையும் வீட்டில்தான் பிறந்தது. மருத்துவச்சிக் கிழவி உத்தரத்தில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு குந்தச் சொல்லுவாள். மூத்த மருமகளுக்கு வலி எடுத்தபோது என்னைத்தான் கூட இருக்கச் சொல்லி உள்ளே விட்டார்கள். அவள் மல்லாந்து படுத்துக் கத்துகிறாள், நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறேன். ஒரு உபகாரமும் செய்யவில்லை. சின்ன மருமகளுக்கு மார்கழியில் நாள். நான் உள்ளே போய் என்ன செய்ய வேண்டும்?
(ஒரு மாமியார், காசிமேடு)

ப: அம்மா, இந்தக் கடிதத்தைப் படித்ததும் உங்களைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. “என் மருமகளை ஏன் கத்த விட்டீங்க” என்று சண்டைக்கு வரும் மாமியார்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் கிழவி விஷயம். குந்தச் சொன்னதில் அவளுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது. மல்லாந்து படுத்தால் வயிற்றின் பாரம் பின்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். தாய்க்கு மயக்கம் வரும், குழந்தைக்கு ரத்தம் குறையும். நிமிர்ந்து இருந்தால் தலை தானாகக் கீழே இறங்கும். ஆனால் அந்தக் காலத்தை ரொம்பவும் புகழ மாட்டேன். தொப்புள்கொடியைக் கையில் கிடைத்த பிளேடால் அறுத்து, மேலே சாணியைத் தடவி, ஏழாம் நாள் ஜன்னி வந்து போன பிள்ளைகள் எத்தனை! அந்த டெட்டனஸ் இந்தியாவில் ஒழிந்தது என்று அறிவித்ததே 2015-ல்தான்.

நம் அரசு மருத்துவமனைகளில் 2004-லிருந்தே கூட ஒரு பெண் துணை இருக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். நீங்கள் வெறுமனே நிற்க வேண்டியதில்லை, வேலை நிறைய இருக்கிறது.

வலி தொடங்கும்போது உள்ளங்கையின் அடிப்பாகத்தை, புடவை சொருகும் இடத்துக்குக் கீழே முதுகில் தட்டையாக ஓர் எலும்பு இருக்கிறதே, அங்கே வைத்து உங்கள் உடல் பாரத்தைக் கொடுத்து அழுத்துங்கள். தேய்க்க வேண்டாம், அழுத்திப் பிடித்தால் போதும். வலி விட்டதும் கையை எடுங்கள். மறுபடி வந்தால் மறுபடி. சில பெண்கள் கையைத் தட்டிவிடுவார்கள், அப்போது விட்டுவிடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த நேரத்தில் யார் கையையும் பிடிக்காது.

கட்டிலோடு கிடக்க விடாதீர்கள். சிஸ்டரைக் கேட்டுவிட்டு வார்டுக்குள் நடக்க வையுங்கள். வலி வரும்போது கட்டில் கம்பியைப் பிடித்து முன்னால் சாய்ந்து நிற்கட்டும். களைத்துப்போனால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும், முழங்காலுக்கு நடுவில் தலையணை.

ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் ஒரு வாய் தண்ணீரோ இளநீரோ கஞ்சித் தண்ணியோ கொடுங்கள். ஆபரேஷனுக்கு வாய்ப்பு இருந்தால் டாக்டர் வேண்டாம் என்பார், அதனால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒண்ணுக்குப் போகச் சொல்லுங்கள். வலியில் இருப்பவளுக்கு அந்த நினைப்பே இருக்காது.

மூச்சைத் தம் கட்டி அடக்கினால், “வாயால ஊதும்மா” என்று நீங்களே ஊதிக் காட்டுங்கள். நீங்கள் ஊதினால் அவளும் ஊதுவாள். “முக்கு, முக்கு” என்று மட்டும் சொல்லாதீர்கள். கர்ப்பப்பை வாய் முழுசாகத் திறக்கும் முன்னால் முக்கினால் அது வீங்கிக்கொள்ளும், அப்புறம் எல்லாம் தாமதம். அவளே, “அத்தை, டாய்லெட் வருது” என்று சொன்னால் கக்கூஸுக்கு அழைத்துப் போகாதீர்கள், சிஸ்டரைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் தலை கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

கத்தினால் கத்தட்டும். கத்துவதால் குழந்தை மேலே ஏறிவிடாது. அப்படி யார் சொன்னாலும் கேட்காதீர்கள், என் காலத்து நர்ஸ் சொன்னாலும் சரி.

கே: நர்சிங் படிப்பு முடித்து, ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்ந்திருக்கிறேன். லேபர் ரூம் போஸ்டிங். குழந்தை வரத் தாமதமானால் சீனியர் அக்கா என்னை வயிற்றை மேலிருந்து அழுத்தச் சொல்கிறார். பிரசவம் எப்படிப் போகிறது என்று அவ்வப்போது குறிக்க வேண்டிய பார்ட்டோகிராஃப் தாளைக் குழந்தை பிறந்த பிறகு உட்கார்ந்து நிரப்புகிறோம். படித்தது ஒன்று, நடப்பது ஒன்று. நான் எதிர்த்துப் பேசினால் வேலை போய்விடும்.
(புது நர்ஸ், வியாசர்பாடி)

ப: அழுத்தாதே கண்ணு. முதல் பதில் அதுதான். கர்ப்பப்பை கிழியலாம், கீழே ஆசனவாய் வரை கிழியலாம், தாயின் விலா எலும்பு போகலாம். உலக சுகாதார நிறுவனமும் வேண்டாம் என்றே சொல்கிறது.

எதிர்த்துப் பேசாமலே மறுக்க ஒரு வழி இருக்கிறது. கையைக் காலியாக வைத்துக்கொண்டு, “மாட்டேன் அக்கா” என்றால் திட்டு விழும். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் டாப்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, “அக்கா, நான் துடிப்பு பார்த்துச் சொல்லிட்டே இருக்கேன்” என்று வயிற்றின் பக்கத்தில் நின்றுகொள். முக்கும் கட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை துடிப்பு பார்க்க வேண்டும் என்பது விதி. யாரும் குறை சொல்ல முடியாது. அழுத்தும் இடத்தில் உன் கையும் கருவியும் இருக்கும்.

அதோடு, ஏன் தாமதம் என்று நீ தேடிப் பார். முதலில் மூத்திரப் பை. அடிவயிற்றின் கீழே இருக்கும் முன் எலும்புக்கு மேலே கையை வைத்தால் மெத்தென்று ஒரு மேடு தெரிகிறதா? நிறைந்த மூத்திரப் பை தலைக்கு வழி விடாது. அதைக் காலி செய்த அரை மணியில் குழந்தை இறங்கி வந்ததை நான் எத்தனையோ ராத்திரி பார்த்திருக்கிறேன். அப்புறம், அவள் மல்லாந்து படுத்திருக்கிறாளா? ஒருக்களிக்க வை, இல்லையென்றால் முதுகைத் தூக்கி உட்கார வை. அவளுக்கு முக்க வேண்டும் என்று தானாகத் தோன்றுகிறதா, நாம்தான் விரட்டுகிறோமா? கர்ப்பப்பை வாய் முழுசாகத் திறந்த பிறகும் தலைப்பிள்ளைக்கு மூன்று மணி நேரம் வரை, அடுத்த பிள்ளைக்கு இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். தாயும் நன்றாக இருந்து துடிப்பும் சரியாக இருந்தால் காத்திருக்கலாம். துடிப்பு சரியில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுவதுதான் வழி, ஸ்டூல் போட்டு ஏறுவது வழி கிடையாது.

துடிப்பு பார்ப்பதிலும் பழக்கம் இருக்கிறது. வலி இருக்கும்போதே தொடங்கி, வலி விட்ட பிறகும் அரை நிமிடமாவது கேள். மொத்தத்தில் ஒரு நிமிடத்துக்குக் குறையக் கூடாது. வலி விட்ட பிறகும் துடிப்பு மேலே ஏறாமல் மந்தமாகவே இருந்தால் அதுதான் ஆபத்து. வலி இல்லாத நேரத்தில் மட்டும் வைத்துப் பார்த்து “140, நார்மல்” என்று எழுதுகிறவளுக்கு அது தெரியவே தெரியாது. கேட்கும்போது இன்னொரு கையால் தாயின் நாடியைப் பிடித்துக்கொள். இரண்டும் ஒரே கதியில் போனால் நீ கேட்பது தாயின் துடிப்பை. குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 110-லிருந்து 160 வரை இருக்கலாம். வலி வேகம் எடுத்த கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்.

வலியை எண்ணுவதற்கு மெஷின் வேண்டாம். கர்ப்பப்பையின் உச்சியில் விரல்களை லேசாக வைத்து, விநாடி முள்ளைப் பார்த்துப் பத்து நிமிடம் நில். மூன்று முதல் ஐந்து வலி வந்தால் சரி. ஐந்துக்கு மேல் வந்தால், குறிப்பாக டிரிப்ஸில் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் போய்க்கொண்டிருந்தால், சொட்டை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடு. அந்தப் பத்து நிமிடத்தில் வேறு எவ்வளவோ தெரியவரும். உதடு காய்ந்திருக்கிறது, கீழே விரித்த துணியில் பச்சை நிறம் படிந்திருக்கிறது, வலிக்கு நடுவில் பல் கிட்டுகிறது. இதெல்லாம் மேஜையில் உட்கார்ந்திருந்தால் தெரியாது.

பிறந்த பிறகு நிரப்பும் பார்ட்டோகிராஃப் வெறும் கதைதான். அந்தத் தாளில் எச்சரிக்கைக் கோடு வந்ததே, 1970-களில் ஆப்பிரிக்காவில் தூர ஊர்களில் தனியாகப் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகளுக்கு, எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று தெரிவதற்காக. கோட்டைத் தாண்டிய பிறகு, குழந்தையும் பிறந்த பிறகு கோடு போட்டு என்ன பிரயோஜனம்? 2020-ல் உலக சுகாதார நிறுவனம் புதுத் தாள் ஒன்று கொண்டுவந்தது, லேபர் கேர் கைடு என்று பெயர். கிடைத்தால் வாங்கிப் பார். துடிப்பு எழுதும் கட்டத்துக்கும் மேலே நாலு கட்டம் இருக்கிறது: துணைக்கு ஆள் இருக்கிறாரா, வலிக்கு என்ன செய்தீர்கள், குடிக்கக் கொடுத்தீர்களா, எந்த நிலையில் இருக்கிறாள். இதையெல்லாம் “நர்ஸ் வேலைதானே” என்று ஒதுக்கிய காலத்தில் வேலை பார்த்தவள் நான். அதைத் தாளின் தலையில் அச்சடித்துப் பார்த்ததில் எனக்கு ரொம்பத் திருப்தி.

கடைசியாக ஒன்று. பி.பி. அதிகமாகி, வலிப்புக்காக மெக்னீசியம் ஊசி போட்ட பெண் உன் பொறுப்பில் இருந்தால் அடுத்த ஊசிக்கு முன் மூன்றைப் பார்: முழங்காலைத் தட்டினால் கால் துள்ளுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது வருகிறதா. ஏதாவது ஒன்று இல்லையென்றால் ஊசியைப் போடாதே, டாக்டரைக் கூப்பிடு. மெக்னீசியத்தை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் ஆம்பியூல் அதே டிரேயில் கண்ணில் படும்படி இருக்கட்டும். அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தேடும் நேரம் உனக்கு இருக்காது.

கே: ஆட்டோ ஓட்டுகிறேன். மனைவிக்கு அம்மா இல்லை. நான் லேபர் வார்டுக்குள் கூட இருக்கலாமா?
(வாசகர், தண்டையார்பேட்டை)

ப: கேட்டதற்கே பாராட்டு தம்பி. மத்திய அரசு 2016-ல் சொன்ன விதிப்படி, துணைக்கு வருபவர் பிரசவ அனுபவம் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும். ஒவ்வொருத்திக்கும் தனி மறைப்பு இருக்கும் இடங்களில் கணவரையும் விடலாம். கூட்டம் நிரம்பிய அரசு லேபர் வார்டில் பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர் மனைவி இருப்பார், அதனால் பெரும்பாலும் விட மாட்டார்கள். சண்டை போடாதீர்கள். உங்கள் அக்கா, சித்தி, எதிர்வீட்டு அம்மா, யாரிடம் உங்கள் மனைவிக்கு மனசு ஒட்டுமோ அவரை இப்போதே கேட்டு வையுங்கள். யார் என்று முடிவு செய்வது உங்கள் மனைவி, நீங்களோ உங்கள் அம்மாவோ அல்ல. வெளியே நீங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது: போனில் சார்ஜ், ரத்தம் கொடுக்க ஓர் ஆள், கையெழுத்துக்குக் கூப்பிட்டால் உடனே வருகிற தூரம். டீக்கடைக்குப் போய்விட்டுக் காணாமல் போகும் கணவர்களை மைக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிப்போயிருக்கிறோம்.

கே: போன வருடம் எனக்குப் பிரசவம் நடந்தது. வலியில் காலை மடக்கியபோது தொடையில் அடித்தார்கள். ‘அப்போ இனிச்சுதா’ என்று கேட்டார்கள். மரத்துப்போகும் ஊசி போடாமலே தையல் போட்டார்கள். குழந்தையைக் காட்டக் காசு கேட்டார்கள். இப்போது மறுபடி நாள் தள்ளிப்போயிருக்கிறது. நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது.
(பெயர், ஊர் வேண்டாம்)

ப: அம்மா, உங்களுக்கு நடந்தது வைத்தியமே இல்லை. “அப்படி ரெண்டு அதட்டு போட்டாத்தான் குழந்தை வரும்” என்று சொல்லும் நர்ஸ்களோடு நானும் டியூட்டி பார்த்திருக்கிறேன். அதட்டினால் என்ன ஆகும் தெரியுமா? பயத்தில் உடம்பு இறுகும், வலி அதிகமாகும், அவள் எதையும் நம்மிடம் சொல்ல மாட்டாள். தலை சுற்றுகிறது, ரத்தம் போகிறது என்பதைக்கூடச் சொல்லாமல் படுத்திருப்பாள். மனிதத்தனத்தை விடுங்கள், வேலை ஒழுங்காக நடக்கவும் அந்த வாய் ஆகாது. கட்டிலுக்கு ஆள் போதவில்லை, ராத்திரி முழுக்க நின்றுகொண்டே இருக்கிறோம், இதெல்லாம் உண்மை. அந்தக் கோபத்துக்குப் போய்ச் சேரும் இடம் சூப்பரிண்டெண்டின் மேஜை. வலியில் இருப்பவளின் தொடை கிடையாது.

தையலுக்கு முன் மரத்துப்போக லிக்னோகெய்ன் ஊசி போட வேண்டும், போட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். “வலியோட வலியா தெரியாது” என்பது சுத்தப் பொய். முதல் பிரசவம் என்றாலே கீழே கத்தரித்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இப்போது இல்லை. தேவைப்பட்டால் மட்டும்தான். வெந்நீரில் நனைத்த துணியை ஒத்தி, தலை வெளியே வரும்போது கையால் தாங்கிப் பிடித்து மெதுவாக விட்டால் பல பேருக்குத் தையலே வேண்டியிருக்காது.

காசு விஷயம். 2011-லிருந்து அரசு மருத்துவமனையில் பிரசவம், ஆபரேஷன், மருந்து, ரத்தம், சாப்பாடு, வீட்டுக்குத் திரும்பிப் போக வண்டி எல்லாமே இலவசம். ஆண் பிள்ளைக்கு ஒரு ரேட், பெண் பிள்ளைக்கு ஒரு ரேட் என்று கேட்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த மருத்துவமனையின் ஆர்.எம்.ஓ. (உறைவிட மருத்துவ அலுவலர்) அறையில் எழுதிக் கொடுக்கலாம், 104 சுகாதார உதவி எண்ணுக்கும் போன் செய்யலாம். தேதி, நேரம், எந்த வார்டு என்று குறித்துக் கொடுங்கள்.

இந்தத் தடவை முதல் செக்கப்பிலேயே டாக்டரிடமோ சிஸ்டரிடமோ, “போன பிரசவத்தில் எனக்கு இப்படி நடந்தது, பயமாக இருக்கிறது” என்று சொல்லி, அட்டையில் எழுதச் சொல்லுங்கள். வேறு மருத்துவமனைக்கு மாறவும் உங்களுக்கு உரிமை உண்டு. வட சென்னையில் மாநகராட்சியின் மகப்பேறு மருத்துவமனைகள் இருக்கின்றன, 1880-லிருந்து ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. வலி வந்த பிறகு மாறுவது கஷ்டம், அதனால் இப்போதே போய்ப் பார்த்துப் பதிந்துகொள்ளுங்கள். நடுக்கம் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு.

கே: குழந்தைதான் பிறந்துவிட்டதே, அப்புறமும் ஏன் சிஸ்டர் வந்து வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார்? முன்னால் அழுத்தக் கூடாது என்கிறீர்கள், பின்னால் அமுக்கலாமா?
(வாசகி, புளியந்தோப்பு)

ப: நல்ல கேள்வி. முன்னால் அழுத்துவது குழந்தையைத் தள்ளுவதற்கு. பின்னால் தொட்டுப் பார்ப்பது ரத்தப்போக்கைப் பிடிப்பதற்கு. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் வாய் திறந்திருக்கும், கர்ப்பப்பை சுருங்கினால்தான் அவை மூடும். தொப்புளை ஒட்டிக் கை வைத்தால் கிரிக்கெட் பந்து போலக் கெட்டியாக இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் உடனே தேய்த்துச் சுருங்க வைத்து, மருந்து போட்டு, டாக்டரைக் கூப்பிட வேண்டும். குழந்தை வந்ததும் தொடையில் ஓர் ஊசி போட்டிருப்பார்களே, அது ஆக்ஸிடோசின், 10 யூனிட். அதுவும் இதற்காகத்தான்.

அரை லிட்டர் போனாலே அதிகப் போக்கு என்று கணக்கு. ஆனால் துணியில் ஊறியதைக் கண்ணால் பார்த்துச் சொன்னால் எப்போதும் குறைத்துத்தான் சொல்லுவோம். அதனால் இப்போது அளவு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைக் கீழே விரிக்கிறார்கள். முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒரு தடவை வயிறு, ரத்தம், நாடி, பி.பி. பார்க்க வேண்டும். எந்த சிஸ்டராவது பார்க்காமல் போனால் நீங்களே கூப்பிடுங்கள். துணைக்கு இருப்பவர்கள் குழந்தை மூக்கு யார் மாதிரி என்று ஆராயும் நேரம் இது. ஒருவராவது தாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பேட் சீக்கிரம் சீக்கிரம் நனைந்தால், கொட்டாவி விட்டு முகம் வெளுத்து, “தாகமா இருக்கு, மயக்கமா வருது” என்றால் ஓடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் இதே எச்சரிக்கைதான்.

கே: குழந்தை பிறந்ததும் ஏன் தொப்புள்கொடியை உடனே வெட்டவில்லை? மறந்துவிட்டார்களா?
(வாசகர், மூலக்கொத்தளம்)

ப: மறக்கவில்லை. ஒரு நிமிடமாவது விட்டு வெட்டினால் நஞ்சுக்கொடியிலிருக்கும் ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேரும், பின்னால் ரத்தசோகை குறையும். அந்த நேரத்தில் குழந்தையைத் துடைத்துத் தாயின் வெறும் மார்பில் போட்டிருப்பார்கள், குளிர் தாக்காது. மூச்சு விடாமல் தளர்ந்துபோய்ப் பிறந்த குழந்தை என்றால் உடனே வெட்டி, குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மருக்குத் தூக்கிப் போவார்கள்.

கே: சேனை தொட்டு வைக்கலாமா? பாட்டி கழுதைப்பால் ஒரு பாலாடை கொடுத்தே ஆக வேண்டும் என்கிறார்.
(வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை)

ப: இரண்டும் வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், அப்புறம் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூடத் தேவையில்லை. கழுதைப்பால் அதன் குட்டிக்குப் போகட்டும். பாட்டிக்கு மனசு கேட்கவில்லை என்றால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாலாட்டு பாடட்டும்.

கே: பால் ஊற பால்சுறாப் புட்டு சாப்பிடலாமா? எவ்வளவு?
(வாசகி, திருவொற்றியூர்)

ப: பிடித்தால் சாப்பிடுங்கள், ஆனால் தினம் வேண்டாம். பால் ஊறுவது குழந்தை அடிக்கடி சப்புவதால்தான், ராத்திரியும் சேர்த்து. சுறா வேறு மீன்களைத் தின்று வளரும் மீன், அதன் உடம்பில் பாதரசம் சேரும். அதனால் எப்போதாவது ஒரு நாள் ஆசைக்கு, அதுவும் சின்னச் சுறாவாக. மற்ற நாளில் நெத்திலி, மத்தி, சங்கரா என்று வாங்கிக் குழம்பு வையுங்கள், புளியும் காரமும் உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் அளவுக்கு. பத்தியம் என்று ரசச் சோறும் பூண்டும் மட்டும் கொடுத்து, தண்ணீரைக் குறைத்து வைக்கும் வீடாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்துச் சமையல்கட்டில் ஒட்டிவிடுங்கள்.